முதல் ஏர்பிரஷ்: சிறு மாதிரிகளுக்கு வண்ணம் பூசும் கருவியும் புதியவர்கள் சந்திக்கும் சிக்கல்களும்

ஏர்பிரஷ் என்பது அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு நீர்த்த வண்ணத்தை நுண்துளிகளாகச் சிதறடித்து ஒரு பரப்பின்மேல் படியவைக்கும் கைக்கருவி ஆகும். தமிழில் இதனைக் காற்றுத் தூரிகை என்றும் எழுதுவர். பேனாவைப் போல விரல்களுக்கிடையே பிடித்துப் பயன்படுத்தலாம். ஓவியம், ஒளிப்படத் திருத்தம், கேக் அலங்காரம், ஒப்பனை எனப் பல துறைகளில் இது வழக்கில் உள்ளது. விமானம், டாங்கி, கப்பல், கார் ஆகியவற்றின் பிளாஸ்டிக் சிறு மாதிரிகளை ஒட்டிச் சேர்த்து வண்ணம் பூசும் பொழுதுபோக்கில் இதன் இடம் தனியானது. கைத்தூரிகையிலிருந்து ஏர்பிரஷுக்கு மாறுவதை மாதிரி செய்வோர் ஒரு பெரிய படியாகவே கருதுகின்றனர்.

அந்தப் படியில் பலர் தடுக்கி நின்றுவிடுவதும் உண்டு. ஆசையாக வாங்கிய கருவி இரண்டு மூன்று முறை அடைத்துக்கொள்ளும். நான்காம் முறை வண்ணத்தைத் துப்பும். பிறகு பெட்டிக்குள் போய்விடும். மலிவான கருவியை வாங்கியதுதான் காரணம் என்று உரியவர் நினைப்பார். பெரும்பாலும் கோளாறு வண்ணத்தின் பதத்திலோ, காற்றின் அழுத்தத்திலோ, கழுவும் முறையிலோ இருக்கும். இம்மூன்றையும் புரிந்துகொண்டவர் சாதாரணக் கருவியை வைத்தும் நல்ல வேலை செய்துவிடுவார். இவற்றைக் கவனிக்காதவருக்கு விலை உயர்ந்த கருவியும் அடைத்துக்கொள்ளும்.

ஏன் தேவைப்படுகிறது

சிறு மாதிரிகள் 1/35, 1/48, 1/72 போன்ற விகிதங்களில் செய்யப்படுகின்றன. பொருள் சுருங்கும்போது அதன் மேலுள்ள வண்ணத்தின் தோற்றமும் அதே அளவில் சுருங்கினால்தான் கண் அதை நம்பும். கைத்தூரிகை விட்டுச்செல்லும் கோடுகளும் வண்ணத்தின் கனமும் அப்படிச் சுருங்குவதில்லை.

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டாங்கிகளை எடுத்துக்கொள்ளலாம். 1943 பிப்ரவரி முதல் அவற்றுக்கு அடர்மஞ்சள் அடிப்படை நிறமாயிற்று. அதன்மேல் பூச ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் பசை வடிவில் படைப்பிரிவுகளுக்கு வழங்கப்பட்டன. படையினர் அப்பசையைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்துத் தெளித்தனர். தெளித்த பட்டைகளின் ஓரங்கள் புகைபோல மங்கி மறையும். உண்மையான வண்டியில் அந்த மங்கல் 5 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 1/35 மாதிரியில் அது ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர், 1/72 மாதிரியில் 0.7 மில்லிமீட்டர்தான். மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் பக்கவாட்டில் காணும் புள்ளிப் புள்ளியான மறைநிறமும் இத்தகையதே. இதைக் கைத்தூரிகையால் போலச் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள்; ஆனால் மிகச் சிலரே. டப்பாவில் அடைத்து விற்கும் ஸ்பிரே பெயின்ட் வழவழப்பான ஒரே நிறப் பூச்சுக்கு நன்றாக உதவும், இவ்வளவு குறுகிய கோட்டுக்கு உதவாது.

அதே வேளையில் ஏர்பிரஷ் வந்ததும் கைத்தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. சிற்றுருவங்களின் முகம், விமானியறைக் கருவிகள், கருவிப்பிடிகள் ஆகியவை இன்றும் கைவேலைதான்.

சுருக்கமான வரலாறு

1870களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஏப்னர் பீலர் என்பவர் காற்றால் வண்ணத்தைத் தெளிக்கும் கைக்கருவி ஒன்றை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வண்ணப் பரப்பி' என்ற பொருளுடையது. அதன் உரிமையை வாங்கி மேம்படுத்திய லிபர்ட்டி வாக்அப்பே ஏர்பிரஷ் என்ற பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்தார். 1890களில் சார்லஸ் பர்டிக் காற்றும் வண்ணமும் கருவியின் நுனிக்குள்ளேயே கலக்கும் வடிவத்தை உருவாக்கினார். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஏர்பிரஷ்கள் அந்த வழியில் வந்தவை. தொடக்கத்தில் ஒளிப்படங்களைத் திருத்தவும் வண்ணமேற்றவுமே இது பயன்பட்டது. பிளாஸ்டிக் மாதிரிகள் 1950களில் பரவிய பிறகே பொழுதுபோக்காளர்களின் மேசைக்கு வந்தது.

உள்ளே நடப்பது

ஏர்பிரஷின் உடலுக்குள் நீண்ட மெல்லிய ஊசி ஒன்று உண்டு. அதன் கூர்முனை நாசில் எனப்படும் நுண்குழலின் வாயை அடைத்தபடி நிற்கும். ஊசியைப் பின்னுக்கு இழுத்தால் சிறு இடைவெளி பிறக்கும். நாசிலைச் சுற்றி வேகமாகப் பாயும் காற்று அதன் வாயில் அழுத்தத்தைக் குறைப்பதால், அந்த இடைவெளி வழியே வண்ணம் உறிஞ்சப்பட்டு வெளியே வந்து துளிகளாக உடைகிறது. ஊசி எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு வண்ணம் வரும்.

விசையின் அடிப்படையில் இரு வகைகள் உள்ளன. ஒற்றைச் செயல் வகையில் விசையை அழுத்தினால் காற்றும் வண்ணமும் ஒருசேர வரும். வண்ணத்தின் அளவை ஒரு திருகால் முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். இரட்டைச் செயல் வகையில் விசையைக் கீழே அழுத்தினால் காற்று மட்டும் வரும், அழுத்தியபடியே பின்னுக்கு இழுத்தால் வண்ணம் வரும். இரண்டாவது வகையைப் பழகச் சில நாட்கள் ஆகும் என்றாலும், மாதிரி வேலைக்கு அதையே முதலில் வாங்குவது நல்லது. ஒற்றைச் செயலில் பழகி விரலைப் பக்குவப்படுத்திய பிறகு மாறலாம் என்ற பழைய அறிவுரையால் இரண்டு முறை செலவு செய்வதுதான் மிஞ்சும்.

வண்ணம் செல்லும் வழியிலும் வேறுபாடு உண்டு. மேலே கிண்ணம் கொண்ட கருவியில் வண்ணம் தன் எடையாலேயே இறங்கும். குறைந்த அழுத்தம் போதும், சில துளி வண்ணத்திலும் வேலை நடக்கும். கீழே குப்பி தொங்கும் கருவியில் காற்று வண்ணத்தை மேலே இழுக்க வேண்டியிருப்பதால் அழுத்தம் சற்றுக் கூடுதலாகத் தேவை. பெரிய பரப்புக்கும் அடிக்கடி நிறம் மாற்றுவோருக்கும் குப்பி வசதியானது. அமெரிக்காவின் பாஷே, பேட்ஜர் நிறுவனங்களின் குப்பி வகைக் கருவிகளில் தொடங்கியவர்கள் ஒரு தலைமுறை முழுவதும் உண்டு. இன்று தொடங்குவோர் பெரும்பாலும் ஜப்பானின் இவாட்டா, ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் போன்றவற்றின் கிண்ண வகைகளையோ அவற்றைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவான நகல்களையோ வாங்குகின்றனர். நகல்களில் நன்றாக ஓடுபவையும் உண்டு. ஆனால் உதிரி நாசில் கிடைக்குமா என்பதைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

நாசில் விட்டம் குறித்துப் புதியவர்களுக்கு ஒரு மயக்கம் இருப்பதைக் காணலாம். 0.2 மில்லிமீட்டர் என்றால் கோடு மெலிதாக வரும், ஆகவே அதுவே சிறந்தது என்று நினைப்பர். அது அடைத்துக்கொள்வதிலும் முதல் இடம் பிடிக்கும். பிரைமரும் உலோகத் துகள் கலந்த வண்ணங்களும் அதில் எளிதாகச் செல்வதில்லை. முதல் கருவிக்கு 0.3 முதல் 0.4 வரை போதும். ஒரு மாதிரியில் செய்யும் வேலையில் பெரும்பகுதி அடிநிறம் பூசுவதுதான், முடிக்கோடு இழுப்பதன்று.

காற்று

புதியவர்கள் கருவியைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்துவிட்டுக் காற்றைப் பற்றி யோசிக்காமல் விடுகின்றனர். வாயு அடைத்த டப்பாக்கள் தொடங்குவதற்கு மலிவாகத் தெரியும். உள்ளே திரவமாக இருக்கும் வாயு ஆவியாகும்போது டப்பா சில்லிட்டுப் போகும், அழுத்தம் இறங்கும், சரியாக ஓடிக்கொண்டிருந்த கருவி பாதி இறக்கையில் துப்பத் தொடங்கும். பழுது கருவியில் என்று நினைத்து அதைப் பிரித்தவர்கள் பலர். கார் டயரில் காற்று நிரப்பி அதிலிருந்து குழாய் இழுத்து வேலை பார்த்த காலமும் ஒன்று இருந்தது. அதிலும் இதே கதைதான், அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும்.

ஆகவே கம்ப்ரசர் வாங்குவதே முறை. அதில் மூன்று பாகங்கள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாவது காற்றுக்கலன். கலன் இல்லாத கம்ப்ரசரில் பிஸ்டனின் ஒவ்வொரு அடியும் காற்றில் துடிப்பாகத் தெரியும்; மெல்லிய கோடு புள்ளி புள்ளியாக விழும். 3 லிட்டர் கலன் இருந்தாலே இத்துடிப்பு அடங்கிவிடும், மோட்டாருக்கும் ஓய்வு கிடைக்கும். இரண்டாவது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர். மூன்றாவது ஈரப்பிடிப்பான். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள நீராவி செறிந்து, குழாயில் குளிரும்போது நீராக மாறுகிறது. சென்னை, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரங்களில் இது சிறிய விஷயமன்று. முக்கால்வாசி பூசிய விமானத்தின்மேல் ஒரு துளி தண்ணீர் தெறித்தால் அந்த இடத்தைத் தேய்த்து மீண்டும் பூச வேண்டியதுதான். கலனின் அடியிலுள்ள திருகையும் ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும்.

பொதுவான பூச்சுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை, அதாவது சுமார் 1 முதல் 1.4 பார் வரை போதுமானது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விசையை அழுத்தாதபோது அளவி காட்டும் எண்ணும், காற்று ஓடும்போது காட்டும் எண்ணும் வேறு வேறு. அழுத்தியதும் முள் சில புள்ளிகள் கீழிறங்கும். எனவே விசையை அழுத்திப் பிடித்தபடியே ரெகுலேட்டரைத் திருகி அளவை அமைக்க வேண்டும்.

பணம் குறைவாக இருந்தால் அதை எங்கே போடுவது என்று கேட்பவருக்குக் கம்ப்ரசரில் போடுங்கள் என்பதே சரியான விடை. ஏர்பிரஷைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். நல்ல கம்ப்ரசர் அடுத்தடுத்து வரும் எல்லாக் கருவிகளுக்கும் உழைக்கும்.

வண்ணத்தின் பதம்

புட்டியில் வரும் வண்ணம் பெரும்பாலும் கைத்தூரிகைக்கான கனத்தில் இருக்கும். அதை அப்படியே கிண்ணத்தில் ஊற்றுவதுதான் முதல் நாளின் முதல் தவறு. ஏர்பிரஷில் ஊற்றும் வண்ணம் ஆடை நீக்கிய பாலின் பதத்தில் இருக்க வேண்டும் என்பர். கலக்கும் கிண்ணத்தின் பக்கச் சுவரில் ஏற்றிவிட்டால் அது மெல்லிய படலமாக வழிந்து இறங்க வேண்டும். திட்டாக ஒட்டிக்கொண்டால் கனம் அதிகம். தண்ணீர்போல உடனே ஓடிவிட்டால் நீர்ப்பு அதிகம். பாகு காய்ச்சுபவருக்குக் கம்பிப் பதம் தெரிவதைப் போல இதுவும் சில நாளில் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். விகிதக் கணக்கு தொடக்கத்துக்கு மட்டுமே. டமியா அக்ரிலிக் வண்ணத்துக்கு ஒரு பங்குக்கு ஒரு பங்கு தின்னர் என்று தொடங்கி, தேவைக்கேற்ப இரண்டு பங்கு வரை போகலாம். வயெகோ நிறுவனத்தின் மாடல் ஏர் வரிசை நீர்த்த நிலையிலேயே விற்கப்படுகிறது. அதற்கும் சில துளி தின்னர் சேர்த்தால் ஓட்டம் சீராகும்.

அக்ரிலிக் என்று எழுதியிருப்பவை எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைப்பது பெரிய தொல்லையில் கொண்டுவிடும். டமியா அக்ரிலிக் ஆல்கஹாலோடு நன்கு கலக்கும். வயெகோவின் நீர்சார் அக்ரிலிக்கில் அதே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சேர்த்தால் வண்ணம் திரிந்து ரப்பர்போல் திரண்டுவிடும். நாசிலுக்குள் அது நடந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. ஹம்ப்ரால் போன்ற எனாமல்களுக்கு வெள்ளை ஸ்பிரிட் வகையும், மிஸ்டர் கலர் போன்ற லாக்கர்களுக்கு லாக்கர் தின்னரும் வேண்டும். அனுபவம் வரும்வரை எந்த நிறுவனத்தின் வண்ணமோ அதே நிறுவனத்தின் தின்னரைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

நீர்சார் அக்ரிலிக்குகளில் இன்னொரு தொந்தரவு, ஊசி நுனியில் வண்ணம் காய்ந்துபோவது. காற்று ஓடும் இடமே அது என்பதால் அங்கே முதலில் காயும். ஓட்டம் குறையும், விசையை மேலும் இழுத்தால் காய்ந்த துணுக்கு விடுபட்டு ஒரு பெரிய சொட்டாகத் தெறிக்கும். வண்ணத்தில் உலர்தலைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில துளி சேர்ப்பதும், சில நிமிடங்களுக்கு ஒரு முறை தின்னரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் நுனியைத் துடைப்பதும் போதும். லாக்கர் வண்ணங்களில் இத்தொல்லை மிகக் குறைவு. அதனாலேயே பலர் லாக்கருக்கு மாறுகின்றனர். அதற்கான விலையைப் பின்னால் பார்க்கலாம்.

விரலும் தூரமும்

இரட்டைச் செயல் கருவியில் ஒழுங்கு ஒன்றுதான்: காற்று முதலில் வரும், கடைசியில் போகும். கையை நகர்த்தத் தொடங்கி, காற்றைத் திறந்து, பிறகு வண்ணத்தை இழுக்க வேண்டும். நிறுத்தும்போது வண்ணத்தை மூடிவிட்டுப் பிறகே காற்றை விட வேண்டும். விரலை ஒரேயடியாக எடுத்துவிட்டால் நுனியில் வண்ணம் தேங்கி நிற்கும், அடுத்த அழுத்தலில் அது சொட்டாகப் பறக்கும். இந்த ஒழுங்கு விரலுக்குப் பழகும்வரை மாதிரியின்மேல் போகக் கூடாது. அட்டையில் புள்ளி, கோடு, வட்டம் என்று தொடங்கலாம். வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டிகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. விமான உடலைப் போன்ற வளைவும் மாதிரியைப் போன்ற வழுக்கும் பரப்பும் மலிவாகக் கிடைக்கின்றன.

பொதுவான பூச்சுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரம் வைக்கலாம். மெல்லிய கோட்டுக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டும். அப்போது அழுத்தத்தையும் 10 அல்லது 12 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, வண்ணத்தையும் இன்னும் நீர்க்கச் செய்ய வேண்டும். மூன்றில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் மாற வேண்டும் என்பதே இங்கே சூத்திரம்.

பரப்பில் தெரிவதை வைத்தே காரணத்தைக் கண்டறியலாம். வண்ணம் சிலந்திக்கால்களாகப் பக்கங்களில் ஓடினால் நீர்ப்பு அதிகம், அல்லது நெருக்கம் அதிகம், அல்லது காற்று அதிகம். தொட்டால் மணல்போல் சொரசொரப்பாக இருந்தால் துளிகள் வழியிலேயே காய்ந்துவிட்டன. நெருங்க வேண்டும் அல்லது தின்னரைக் கூட்ட வேண்டும். கிண்ணத்தில் குமிழிகள் எழுந்தால் காற்று பின்வழியாக வண்ணத்துக்குள் புகுகிறது. நாசில் சரியாக அமரவில்லை, அல்லது விரிசல் விட்டிருக்கிறது. தெளிப்பு ஒரு பக்கமாகவே சாய்ந்தால் ஊசிமுனை வளைந்திருக்கும். முனையை நகத்தின்மேல் மெதுவாக இழுத்துப் பார்த்தால் அந்த வளைவு நெருடும்.

கழுவுதல்

ஏர்பிரஷ் பெட்டிக்குள் போய்விடுவதற்கு இதுவே முதற்காரணம். பூசுவதற்குப் பத்து நிமிடம், கழுவுவதற்கு அரை மணி நேரம் என்றால் யாருக்கும் சலிப்பு வரும். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் கருவியை முழுவதுமாகப் பிரிக்கத் தேவையில்லை. மிஞ்சிய வண்ணத்தைக் கொட்டி, கிண்ணத்தைத் துடைத்து, தின்னர் ஊற்றித் தெளிவாக வரும்வரை இரண்டு முறை தெளித்தால் அடுத்த நிறத்துக்குத் தயார். இருண்ட நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்குப் போகும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. வேலை முடிந்த பிறகு ஊசியை எடுத்துத் துடைக்க வேண்டும். அடியிலிருந்து கூர்முனையை நோக்கித் துடைத்தால் முனை துணியில் சிக்காது.

நாசிலைத் தினமும் கழற்றுவதில் ஆபத்தே அதிகம். திருகி மாட்டும் வகை நாசில் நெல்மணியைவிடச் சிறியது, அதன் மரை நூலிழை போன்றது. இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்று சாவியால் திருப்பும்போது அது உடலுக்குள்ளேயே முறிந்துவிடும். மலிவான கருவிகளின் வாழ்நாள் இப்படித்தான் முடிகிறது. முழுக் கருவியையும் தின்னரில் ஊறவைப்பதும் கூடாது. உள்ளேயுள்ள ரப்பர் வளையங்கள் உப்பிக் கெட்டுவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் திரவங்களில் நீண்ட நேரம் ஊறினால் பித்தளையும் அதன் முலாமும் அரிக்கும்.

மூச்சு

மேலே சொன்ன எல்லாவற்றிலும் தவறினால் போவது பணமும் பொறுமையும்தான். இதில் தவறினால் போவது நுரையீரல். கருவி செய்யும் வேலையே வண்ணத்தைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக்குவது. அத்துளிகளில் ஒரு பகுதி மாதிரியில் படியாமல் அறைக்குள் மிதக்கும். 'நீர்சார் வண்ணம், நச்சற்றது' என்று புட்டியில் எழுதியிருப்பது கைத்தூரிகையால் பூசுவதை எண்ணி எழுதப்பட்டது. மூச்சில் இழுத்தால் நிறமித் துகளும் பிசினும் நுரையீரலுக்குள்தான் போகும். காட்மியம் கலந்த ஓவிய வண்ணங்களைத் தெளிக்கவே கூடாது.

இங்கே பரவலான ஒரு குழப்பம் உண்டு. என்95 போன்ற முகக்கவசம் துகளைத் தடுக்கும். லாக்கர், எனாமல் தின்னர்களின் ஆவியைத் தடுக்காது. ஆவிக்குச் செயலூட்டிய கரி நிறைந்த வடிப்பான்கள் பொருத்திய அரைமுகக் கவசம் வேண்டும். தின்னர் வாசனை உள்ளே வரத் தொடங்கினால் வடிப்பானை மாற்றும் காலம் வந்துவிட்டது, அல்லது கவசம் முகத்தோடு பொருந்தவில்லை என்று பொருள். அடர்ந்த தாடி இருந்தால் அது பொருந்தாது. கார் மாதிரிகளுக்குக் கண்ணாடிபோன்ற மெருகு தரும் இருகூறு யூரேத்தேன் வார்னிஷ்களில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வாசனையால் அதைக் கண்டுகொள்ளவும் முடியாது. முதல் ஏர்பிரஷோடு அதைத் தொடவே வேண்டாம்.

தெளிப்புப் பெட்டி வாங்குவோர் அதன் குழாய் சன்னலுக்கு வெளியே போகிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சு வடிப்பான் மட்டும் வைத்துக் காற்றை மீண்டும் அறைக்குள்ளேயே விடும் பெட்டி துகளைப் பிடிக்கும், ஆவியை அப்படியே திருப்பித் தரும். விசிறியின் மோட்டார் பொறி தெறிக்காத வகையாகவும் இருக்க வேண்டும், லாக்கர் ஆவி தீப்பற்றும் தன்மையது. வீட்டில் குழந்தைகளோ ஆஸ்துமா உள்ளவர்களோ இருந்தால் படுக்கையறை மேசையில் இந்த வேலை கூடாது. பூசி முடித்த மாதிரியும் காயும்வரை ஆவியை விட்டுக்கொண்டிருக்கும் என்பதால் அதையும் வேறிடத்தில் வைப்பது நல்லது. கரி வடிப்பான்களை ஆணியில் தொங்கவிட்டால் அவை அறைக்காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்து வீணாகும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி வைக்க வேண்டும்.